ஞாயிறு ஒரு நாளில் மலைத் தண்ணீர்வரை போய் வருவது எப்படி?

சனிக்கிழமை இரவு. சாலை பஜாரில் கடைகள் அடைத்த பிறகு, பின் சந்திலுள்ள மாடி அறையொன்றில் ஐந்து பேர் கூடியிருக்கிறார்கள். இருவர் பாத்திரக்கடைச் சிப்பந்திகள். ஒருவர் பலசரக்கு மண்டியில் கணக்கு எழுதுபவர். ஒருவர் தையற்காரர். மற்றவர் அலுவலகக் குமாஸ்தா. ஐவரும் நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். சுவரில் தொங்கும் காலண்டரில் இமயமலை ஏரி ஒன்றின் படம். பின்னால் பனி மூடிய முகடு, முன்னால் நீல நிறத் தண்ணீர்.

"அண்ணாச்சி, இந்த மாதிரி எடத்த ஒருநாளாவது பாத்துரணும்" என்கிறார் சிப்பந்திகளில் இளையவர்.

"நமக்கு லீவு ஒரு நாளுதான தம்பி. ராத்திரிக்குள்ள திரும்பி வர்ற மாதிரி ஒரு மலையைச் சொல்லு" என்கிறார் கணக்கர்.

திருவனந்தபுரத்தில் நம்மவர்கள் தங்கியிருக்கும் அறைகளில் அடிக்கடி நடக்கும் பேச்சுதான் இது. யார் யார் வருகிறார்கள், சாப்பாடு எங்கே வாங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதெல்லாம் முடிவாகிவிடும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மலையில் ஏற்படும் சங்கடங்களில் பாதி, கேட்காமல் விட்ட இந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கிறது.

குழாயில் வரும் மலை

பனிக்கட்டி உருகி நிறையும் ஏரியைக் காண வேண்டுமானால் வடக்கே இமயத்துக்குத்தான் போக வேண்டும். தென்னாட்டு மலைகளில் பனிப்பாறை கிடையாது. இங்கே உயர்ந்து நிற்கும் அகஸ்தியர்கூடத்தின் உயரமே 1,868 மீட்டர்தான். அந்த உயரத்தில், பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில், பனி தங்க வழியில்லை.

ஆனால் மலைத் தண்ணீருக்குக் குறைவில்லை. அகஸ்தியர் மலைத் தொடரில் பிறக்கும் கரமனையாறு, 1983-இல் செயலுக்கு வந்த பேப்பாறை அணையில் முதலில் தேங்குகிறது. பிறகு அருவிக்கரையில் மறுபடி தடுக்கப்படுகிறது. அங்கிருந்து 1933 முதல் நகரத்துக்குக் குடிநீர் வருகிறது. மிச்சமுள்ள ஆறு கரமனை வழியாக ஓடித் திருவல்லத்துக்கு அப்பால் கடலில் சேருகிறது. நெய்யாறும் இதே மலைத் தொடரில் பிறப்பதுதான். கிழக்குச் சரிவில் இறங்குவது தாமிரவருணி. ஆக, நெல்லைக்காரர் சொந்த ஊரில் குடித்து வளர்ந்த தண்ணீரும், இங்கே அறைக் குழாயில் பிடித்துக் குடிக்கும் தண்ணீரும் ஒரே மலையின் இரு பக்கங்கள்.

இமயத்தில் தண்ணீரைப் பனிக்கட்டியாகச் சேமித்து வைப்பது குளிர். இங்கே அந்த வேலையைச் சோலைக்காடும் புல்வெளியும் செய்கின்றன. ஜூனில் தொடங்கும் எடவப்பாதி மழையையும், அக்டோபர், நவம்பரில் வரும் துலாவர்ஷத்தையும் இலைமக்கும் பாசியும் வேரும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. அதனால்தான் மழை நின்று வாரங்கள் கழிந்தும் மலை ஓடைகளில் தெளிந்த நீர் ஓடுகிறது.

ஒரு நாளில் ஆகாதது

அகஸ்தியர்கூடம் என்றதும் நம்மவர்களுக்குத் தனி ஆசை. தமிழ் முனிவர் இருக்கும் பொதிகை என்ற பக்தி. ஆனால் அது ஒரு நாள் வேலையல்ல. போணக்காட்டில் புறப்பட்டு, கரமனையாறு, அட்டையாறு முதலிய ஓடைகளைக் கடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சி ஏறி இறங்கி, மூன்றாம் நாள் திரும்புவதே வழக்கம். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரையிலான பருவத்தில், முன்பதிவு செய்தவர்களையே வனத்துறை வழிகாட்டியுடன் அனுப்புகிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரி முதல் பெண்களும் உச்சிவரை போய் வருகிறார்கள்.

இந்த மலையில் திட்டமின்றி எதுவும் நடக்காது என்பது பழைய பாடம். திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்தின் இயக்குநராயிருந்த ஜான் ஆலன் புரூன் என்பவர், 1855-இல் இதன் உச்சியில் காற்று, வெப்பம், காந்தம் ஆகியவற்றை அளக்க ஒரு நிலையம் அமைத்தார். கருவிகளையெல்லாம் காட்டு வழியே ஆட்களின் தலைச்சுமையாகவே கொண்டுபோக வேண்டியிருந்தது. அரசாங்கத்தின் ஆதரவு இருந்தும் அந்த நிலையம் நெடுங்காலம் நீடிக்கவில்லை.

எனவே மூன்று நாள் மலையை ஒரு நாளில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும். அனுமதியின்றிக் குறுக்குவழியில் நுழைவது சட்டப்படி குற்றம். வழி தவறினால் தேடி வரவும் ஆளிருக்காது.

ஒரு நாளில் ஆகக்கூடியது

நெடுமங்காடு வழியாக விதுரை போய்ச் சேர்ந்தால் மூன்று திசைகளில் மலைத் தண்ணீர் கிடைக்கிறது.

ஒன்று, பேப்பாறை நீர்த்தேக்கம். மலைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் இதுதான் நம் காலண்டர் ஏரிக்கு மிக நெருங்கியது. வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருப்பதால் அனுமதி பெற்றே போக வேண்டும். குடிநீர் என்பதால் குளிக்கவோ துவைக்கவோ இறங்கக் கூடாது.

இரண்டு, பொன்முடிச் சாலையில் கல்லாறு. வனத்துறை வாயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு ஆற்றோரமாகக் காட்டுக்குள் நடந்தால் மீன்முட்டி அருவி. பொன்முடிக்கே போகிறவர்கள் 22 கொண்டையூசி வளைவுகள் ஏற வேண்டும். கனமழையில் இந்தச் சாலை இடிந்து போக்குவரத்து நின்றதுண்டு.

மூன்று, போணக்காடு. வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம். தேயிலை ஆலை ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களில் முன்னோர் தமிழகத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களும் உண்டு. இங்கிருந்து பார்த்தால் கீழே பேப்பாறைத் தண்ணீர் தெரியும். இளைஞர்கள் சிலர் இங்குள்ள பாழடைந்த பங்களாவைப் 'பேய் பங்களா' என்று பார்க்க வருகிறார்கள். லயத்து மக்கள் கூலியும் நிலுவையுமின்றிக் கழித்த ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால், பேயைவிடப் பெரிய கதை கிடைக்கும்.

எந்த இடமானாலும் கிளம்புவதற்கு முதல் நாள் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். யானை நடமாட்டம், மழை எச்சரிக்கை, காட்டுத்தீ அபாயம் என்று பல காரணங்களால் வாயில் மூடப்படலாம். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புல் காய்ந்து கிடக்கும் மாதத்தில் அந்தச் சரிவில் அகப்பட்டதே அவர்களுக்கு எமனாயிற்று. மூடிய வாயிலுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

கணக்கு கடைசியிலிருந்து

பிரயாணத்தைத் திட்டமிடுகையில் முதலில் எழுத வேண்டியது கடைசி பஸ் நேரம். தம்பானூரில் விசாரித்தால் மட்டும் போதாது. ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ் ஓடுமா என்றும் கேட்க வேண்டும். இறங்கும் இடத்தில் கண்டக்டரிடமே "லாஸ்ட் பஸ் எத்ர மணிக்கா?" என்று மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உதாரணத்துக்கு, காலை 9 மணிக்கு நடக்கத் தொடங்குகிறார்கள், திரும்பும் கடைசி பஸ் மாலை 4 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். கையிலிருப்பது ஏழு மணி நேரம். இதை மூன்று பங்காக்க வேண்டும். போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, மூன்றாவது பங்கு கையிருப்பு. ஒரு பங்கு என்பது 2 மணி 20 நிமிடம். அப்படியானால் 11.20-க்கு எங்கே நின்றாலும், தண்ணீர் கண்ணில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், திரும்பியாக வேண்டும். அதற்கு முன்பே தண்ணீரைச் சேர்ந்துவிட்டால் மிச்ச நேரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

கையிருப்புப் பங்கு வீண் என்று நினைக்கலாகாது. ரயில் கால அட்டவணையிலும் கடைசி நிலையத்துக்கு முன்னால் சில நிமிடங்கள் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். வழியில் ஏற்படும் தாமதத்தை ஈடுகட்டத்தான் அது. மலையில் ஒருவர் கால் பிசகிக்கொள்வார், ஒருவர் செருப்பு அறுந்துபோகும், ஒருவருக்கு வயிறு சரியிருக்காது. அந்தத் தாமதங்களை ஏற்பது இந்த மூன்றாவது பங்குதான்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் ஒரு கணக்குண்டு. ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது. ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. நாற்காலியிலும் கல்லாவிலும் உட்கார்ந்து பழகிய நம்மைப் போன்றவர்கள் வரும் விடையோடு பாதியைக் கூட்டிக்கொள்வது உசிதம். நான்கு கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் கணக்கில் 78 நிமிடம். பாதியைக் கூட்டினால் ஏறத்தாழ இரண்டு மணி. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு கிலோமீட்டர் தாராளம்.

கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய வேகமே எல்லோருக்கும் வேகம். அவரை முன்னால் விட வேண்டும். பின்னால் விட்டால், முன்னால் போனவர்கள் இளைப்பாறி முடித்த நேரத்தில்தான் அவர் வந்து சேருவார். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

மதியத்துக்குப் பின் ஆறு வேறு

இமயத்து ஓடைகளைக் கடப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் கடப்பார்கள். காலையில் முழங்காலளவு ஓடும் தண்ணீர் பிற்பகலில் இடுப்பளவு ஆகிவிடும். வெயில் ஏறி மேலே பனி உருகுவதுதான் காரணம்.

நம் மலையில் பனியில்லை. ஆனால் பிற்பகலில் ஆறு ஏறும் வழக்கம் இங்கேயும் இருக்கிறது. துலாவர்ஷ மாதங்களில் காலை வெளுத்திருக்கும். நண்பகலில் மலையோரம் மேகம் திரளும். பிறகு இடியோடு மழை. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணிவரை இடிமின்னலில் ஜாக்கிரதை என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆண்டுதோறும் எச்சரிப்பது இதனால்தான்.

மழை உச்சியில் பெய்யும். கீழே நிற்பவருக்கு வெயிலடித்துக்கொண்டிருக்கும். தலைக்கு மேல் ஒரு துளி விழாத நேரத்தில் தண்ணீர் திடீரென்று வந்துவிடும். மலையாளிகள் இதை 'மலவெள்ளப்பாச்சில்' என்கிறார்கள். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, ஓசை மாறினாலோ, அந்த நிமிடமே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். எதிர்க்கரையில் அகப்பட்டுக்கொண்டவர்கள் தண்ணீர் வடியும்வரை அங்கேயே இருப்பதுதான் உத்தமம். பஸ் போய்விடுமே என்று இறங்கினவர்களைத்தான் ஆறு கொண்டுபோகிறது.

வெள்ளமில்லாத நாளிலும் கயங்கள் உண்டு. மேலே அமைதியாக இருக்கும், அடியில் பாறைக்குடைவும் சுழலும் இருக்கும். கல்லாற்றில் வட்டக்கயம் என்ற இடத்தில் 2022 அக்டோபரில் மூவர் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஒருவர் போலீஸ்காரர். உடல் வலிமை அங்கே உதவவில்லை. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று பெரியவர்கள் சொன்னது இத்தகைய இடத்துக்குத்தான். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால் நனைப்பதற்கும் இறங்கக் கூடாது.

பையில் என்ன?

புளிச்சோறோ தயிர்ச்சோறோ வாழையிலையில் கட்டிக்கொண்டால் போதும். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலம். உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி. காயத்துக்கு மருந்தும் துணியும். பகல் பயணமானாலும் டார்ச் விளக்கு. பிளாஸ்டிக் பொருட்களை வனத்துறையினர் சோதிப்பார்கள்.

ரப்பர் செருப்பு பாசிப் பாறையில் நிற்காது. அடிப்பாகத்தில் வெட்டு உள்ள ஷூ வேண்டும். மழை மாதங்களில் அட்டை ஏறும். உப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு தொட்டால் விழுந்துவிடும். பிய்த்து இழுத்தால் காயம் புண்ணாகும். கள் சாராயம் மட்டும் எக்காரணம் கொண்டும் பையில் இருக்கலாகாது.

வழிகாட்டியாகக் காணிக்காரர் வந்தால் அவர் சொல்லைத் தட்டக் கூடாது. இந்த மலையை அவர்களளவு அறிந்தவர் இல்லை. 1987-இல் இங்கு ஆராய வந்த விஞ்ஞானிகள் களைத்து நின்றபோது, உடன் வந்த காணிக்காரர்கள் களைப்பின்றி நடந்தார்களாம். அவர்கள் வழியில் தின்ற ஒரு செடியின் காயே அதற்குக் காரணம் என்று தெரிய வந்தது. 'ஆரோக்கியப்பச்சை' என்ற அந்தச் செடியிலிருந்து பாலோட்டிலுள்ள தாவர ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. அதன் வருவாயில் காணிக்காரர்களுக்கும் பங்கு தரப்பட்டது.

முக்கியமான இன்னொன்று. செல்போன் மலைக்குள் பெரும்பாலும் எடுக்காது. எனவே அறையில் தங்கியிருக்கும் ஒருவரிடமோ கடை முதலாளியிடமோ ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். யார் யார் போகிறார்கள், எந்த இடம், எந்த பஸ்ஸில் திரும்புவார்கள், இரவு எத்தனை மணிக்குள் வராவிட்டால் 112-க்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். தனியாக அறை எடுத்துத் தங்கும் நம்மவர்கள் இதில்தான் அசட்டையாக இருக்கிறார்கள். ஊரிலுள்ள மனைவிக்குக் கணவர் மலைக்குப் போனதே தெரிந்திராது.

அந்தக் காலண்டர் ஏரி

நிஜமான பனி ஏரியையும் சேமித்த லீவில் பார்த்துவர முடியும். கேரளா எக்ஸ்பிரஸில் டில்லி, அங்கிருந்து ஹரித்துவார், பிறகு பஸ்ஸில் கோவிந்த்காட், அதற்கு மேல் மலைப்பாதையில் காங்கரியா. அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் ஹேமகுண்டம். சுற்றிலும் பனிமலை, நடுவில் ஏரி, கரையில் சீக்கியர் குருத்வாரா. ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம்வரையே வழி திறந்திருக்கும்.

அதுவும் ஒரு நாள் நடைதான். ஏரிக்கரையில் இரவு தங்க அனுமதியில்லை. பிற்பகலிலேயே அனைவரையும் இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஆறு கிலோமீட்டர்தானே என்று எண்ணக் கூடாது. ஏற்றம் ஆயிரம் மீட்டருக்குக் குறையாது. நெய்ஸ்மித் கணக்கில் மூன்று மணி நேரம் வரும். ஆனால் 4,000 மீட்டருக்கு மேல் காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே. கடற்கரை ஊரிலிருந்து போகிறவர்கள் காங்கரியாவில் ஓரிரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும். தலைவலியும் குமட்டலும் கண்டால் மருந்து கீழே இறங்குவதுதான்.

பனி ஏரியும் அபாயமற்றதல்ல. கேதார்நாத்துக்கு மேலேயுள்ள சோராபாரி ஏரியில் 1948-இல் மகாத்மாவின் அஸ்தியில் ஒரு பகுதி கரைக்கப்பட்டது. அதனால் காந்தி சரோவர் என்று பெயர் பெற்றது. 2013 ஜூன் 17 காலை, கனமழைக்குப் பின் அதன் கரை உடைந்தது. கீழே கோயிலைச் சுற்றியிருந்த ஊர் அழிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்ட அந்த வெள்ளத்தில், பலர் தங்கள் தலைக்கு மேல் ஒரு ஏரி இருந்ததையே அறியாதவர்கள். இமயமானாலும் பொதிகையானாலும், நிற்கும் இடத்துக்கு மேலே என்ன நடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சீட்டில் எழுதியது

சாலை பஜார் அறையில் பேச்சு முடிய இரவு பதினொன்றாகிறது. போவது கல்லாறு என்று தீர்மானம். அக்டோபர் மாதமாகையால் முதல் பஸ்ஸிலேயே கிளம்பி, வாயில் திறந்ததும் நடந்து, நண்பகலுக்குள் கீழே வந்துவிடுவது. எச்சரிக்கை எதுவும் வந்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவது.

"இவ்வளவு தூரம் போய்ட்டு அருவியப் பாக்காம திரும்பவா, அண்ணாச்சி?" என்று இளையவருக்கு மனமில்லை.

கணக்கர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஐந்து பேர் பெயரையும் எழுதிக்கொண்டே சொல்கிறார்: "அருவி அடுத்த வாரமும் அங்கதாம்ல இருக்கும். திங்கக்கிழமை காலையில கடையத் தொறக்க நீ இருக்கணும்லா? மாசாமாசம் ஒன் பணத்த எதிர்பாத்து ஊர்ல மூணு பேர் இருக்காவ."

சீட்டின் கடைசி வரியில் திரும்பும் நேரத்தை எழுதி, அதன்கீழ் இரண்டு கோடு போடுகிறார். காலையில் கடை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதற்காக அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.